உள்ளூர்ப் பெயர் எழுதப்படாத பாசி

கடற்கரையில் ஒதுங்கும் பச்சைப் பாசி எதுவானாலும் மூன்று நிமிடத்தில் பெயர் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அது வெகு காலத்துக்கு முன்பு அல்ல. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு. இப்போது இருபத்திரண்டு. இடையில் நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாசியைப் பற்றிப் பேசியே தப்பித்துவிடுகிறேன். இங்கேயும் பாசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை தப்பிக்கப்போவதில்லை.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பாசித் தொகுப்பு தயாரித்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சீனியர்களிடம் பழைய தாள்களை வாங்கி, மேலே புதுச் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சல். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். ஒரு வாரம் நாகூர், ஒரு வாரம் வேதாரண்யம். நாகூர்க் கரையில் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்த என்னிடம், தர்காவுக்கு வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "என்னா தம்பி, மோதிரம் வுழுந்துருச்சா?"

"இல்லீங்க, பாசி தேடுறேன்."

"பாசிமணியா? அதான் கடைத்தெருவுல கொத்துக் கொத்தாத் தொங்குதே!"

சிரித்துவிட்டு மேலே நடந்தேன். கேலியெல்லாம் என்னைத் தொடவே தொடாது. காகிதம் போல மெல்லிய பச்சைத் தகடாக விரிந்தால் அது உல்வா. தூண்டில் நரம்பு போல முரடாக, சிக்கலாகக் கிடந்தால் கீட்டோமார்பா. ராமேஸ்வரம் பக்கம் சுற்றுலா போனபோது காலெர்பா கிடைத்தது, குட்டி திராட்சைக் கொத்து மாதிரி. மணலோடு மணலாகக் கோத்த பச்சைக் காசுகள் போல ஹலிமெடா. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்பு நுரைத்துப் பொங்கும். அதைக் காட்டிக் காட்டியே ஹாஸ்டலில் அரை பாட்டில் அமிலத்தைத் தீர்த்தேன். அப்புறம் எண்டெரோமார்பா. பச்சைக் குழாய். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு, காற்று ஏறினால் உப்பிக்கொண்டு கோழிக்குடல் போல மிதக்கும். பெயருக்கே குடல் போன்றது என்றுதான் அர்த்தம்.

அடையாளம் காண்பதற்குப் புத்தகத்தில் கேள்வி வரிசை ஒன்று இருக்கும். தகடா, இழையா? இழை என்றால், உள்ளே கூடா, கெட்டியா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் பெயர் வந்து நிற்கும். கூடா என்று பார்க்க பிளேடால் குறுக்கே வெட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நாலைந்து மாதம் பழகியதும் நான் வெட்டுவதை விட்டுவிட்டேன். கண்ணால் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. கேள்விகளைத் தாண்டித் தாண்டிக் கடைசிப் படிக்குக் குதிப்பேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் கெடுதல்.

பாசியைத் தாளில் ஏற்றுவதும் எனக்குக் கைவந்திருந்தது. தட்டு நிறையத் தண்ணீர், அதில் பாசி மிதக்கும். அடியில் கெட்டித் தாளை நுழைத்து, ஈர்க்குச்சியால் இழைகளைப் பிரித்துவிட்டு, மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே மெல்லிய துணி போர்த்தி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, கனம் ஏற்றி அழுத்தினால் நாலு நாளில் பாசி தன் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு அத்தை பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். அப்பாவின் தங்கை. அவள் புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, அவருடைய வேட்டி அது. "சும்மாத்தானே கெடக்கு, பாசியாவது கட்டிக்கட்டும்" என்றாள்.

தாளின் கீழ்மூலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பெயர், எடுத்த இடம், தேதி, தண்ணீர் எப்படிப்பட்டது, உள்ளூர்ப் பெயர். இந்தக் கடைசி வரியை நான் காலியாகவே விடுவேன். "கரையில இருக்கறவங்களக் கேட்டு எழுதுப்பா" என்று பேராசிரியர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். கேட்டால் எல்லாரும் பாசி என்றுதான் சொல்லப்போகிறார்கள், இதற்கு ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, களைத்துப்போய்க் கடைசியாக எங்களிடம் வரும். எங்கள் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரின் வயலில் உழைத்தவர்கள். அப்பாவுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது, அதனால் நான் காலேஜைப் பார்த்தேன். கூலித் தகராறும், வேலைநிறுத்தமும், போலீஸ் வேனும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரின் உபரி நிலம் கொஞ்சம் பிடிபட்டது. எங்கள் தெருவில் பதினொரு குடும்பத்துக்குப் பங்கு. அதில் ஒரு ஏக்கர் அத்தைக்கு, அவள் பெயரிலேயே.

எந்த நிலத்தை ஒப்படைப்பது என்று எடுத்துக் காட்டும் வசதி மிராசுதாருக்குத்தான் இருந்தது. அவர் காட்டியது கிழக்குக் கோடியில் மூன்று வருஷமாகத் தரிசாகக் கிடந்த வயல். அதை ஒட்டி ஒரு வடிகால் வாய்க்கால் ஓடி, தொலைவில் உப்பாற்றில் விழும். உப்பாறு என்பது கடல் ஏறி இறங்குகிற ஓடை. நடுவில் மதகு ஒன்று உண்டு, அதன் பலகை கடல் தண்ணீரை மறிக்க வேண்டும். மறிக்கிறதா என்பதுதான் கேள்வி. உப்பு ஏறும் நிலம் என்றால் வேறு நிலம் கேட்டு ஆட்சேபனை மனு கொடுக்கலாம். பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். மனு கொடுத்தால் கோர்ட்டு, ஸ்டே என்று எத்தனை வருஷம் இழுக்குமோ தெரியாது. ஆகவே உப்பு நிச்சயம் என்றால் மட்டும் மனு, இல்லாவிட்டால் பட்டாவை வாங்கிக்கொள்வது என்று சங்கத்தில் முடிவு. சங்கத்துக்குச் செயலாளர் என் சித்தப்பா.

பொங்கல் லீவில் வந்திருந்த என்னைச் சனிக்கிழமை வயலுக்குக் கூட்டிப்போனார்கள். மிராசுதாரின் ஏஜென்ட் முன்னாலேயே வந்து பூவரச மரத்தடியில் நின்றிருந்தார். கூட ஒரு ஆள், கையில் மடக்கு நாற்காலி.

"வாட்ச்மேன் மவன்ல? காலேஜுல செடி கொடியெல்லாம் படிக்கிறீங்களாமே. உக்காருங்க தம்பி."

இவர் முன்னால் என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா நின்றார், அத்தை நின்றாள், பதினொரு குடும்பமும் வரப்பில் நின்றது. நான் உட்கார்ந்தேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது.

"மூணு வருசமா ஏன் தரிசு போட்டீங்க?" என்று சித்தப்பா கேட்டார்.

"நீங்கதான் கூலித் தகராறு பண்ணி ஆளு வராம ஆக்குனீங்க, இப்ப என்னையக் கேக்குறீங்களே! கடலு எங்க இருக்கு, இந்த வய எங்க இருக்கு?"

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ ஒரு வார்த்த பாத்துச் சொல்லு. வாய்க்கால்ல பச்சையா மெதக்குதே, அது நல்ல தண்ணிப் பாசியா, கடத்தண்ணிப் பாசியா? ஒன் வார்த்தைய வச்சுத்தான் மனு."

பாய்ந்து இறங்கினேன். தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்து வாய்க்கால் நிறைய ஆற்றுத் தண்ணீர், இனிப்பாகவே இருந்தது. பாசி வெளிர்பச்சையாக, மெல்லிய இழையாக, குமிழி குமிழியாக மிதந்தது. குளத்தில் மிதக்கும் பாசி இப்படித்தான் இருக்கும். கடலோ மைல் கணக்கில் தள்ளி. என் தலைக்குள் கேள்வி வரிசை ஓடவே இல்லை, நேரே கடைசிப் படி.

"ஸ்பைரோகைரா. நல்ல தண்ணிப் பாசி" என்றேன், மேலே நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அத்தை புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி என் பக்கத்தில் வந்தாள். ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்தாள். "வழுக்கலியே தம்பி. கொளத்துப் பாசின்னா கையில நிக்காதே. இது நம்ம உப்பாத்துல..."

"முத்துன பாசி வழுக்காது அத்த" என்று குறுக்கே விழுந்தேன்.

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த நொடியில், நாற்காலிக்குத் திரும்பிப் போகிற அவசரத்தில், நான் இயற்றியது. அத்தை கையிலிருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பாசியைத் தண்ணீரில் உதறிவிட்டாள். "நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"அப்புறம் என்னா, படிச்சவங்களே சொல்லிட்டாங்க!" ஏஜென்ட் ஒரு இளநீரைச் சீவச் சொன்னார். ஒன்றே ஒன்று, எனக்கு. குடித்தேன்.

தொகுப்புக்கு ஆகட்டும் என்று கொஞ்சம் பாசியை மருந்து பாட்டிலில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். திங்கட்கிழமை ஆய்வகத்தில் சும்மா ஒரு துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஸ்பைரோகைரா என்றால் ஒவ்வொரு அறைக்குள்ளும் பச்சை நாடா ஒன்று சுருள்சுருளாக ஓட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையும் வரையும் படம் அது. இங்கே நாடா இல்லை. செங்கல் அடுக்கியது மாதிரி சின்னச் சின்ன அறைகள். பிளேடால் குறுக்கே வெட்டினேன். வட்டம். நடுவில் ஒன்றுமில்லை. உள்ளே கூடு.

எண்டெரோமார்பா. எங்கள் பக்கம் கடல் தண்ணீர் ஏறுகிற இடத்தில் மட்டும் பற்றி வளர்கிற பாசி. மழைத்தண்ணீர் வந்தால் சில வாரம் தாக்குப்பிடித்துக்கொண்டு மிதக்கும்.

பேராசிரியர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார், சொன்னேன். "அவ்வளவு உள்ளேயா? அப்ப அங்க வரைக்கும் உப்பு போகுதுன்னுதானே அர்த்தம்! பிரமாதம்ப்பா. தேதி போட்டு, தண்ணி விவரம் எழுதி, கச்சிதமா ஏத்து" என்றார். வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார். அத்தையின் வேட்டித் துணியைப் போர்த்தித்தான் அதை அழுத்தினேன். சீட்டில் அழகான இங்கிலீஷில் எழுதினேன்: வாய்க்கால், கடல்நீர் ஏறும் இடம், எடுத்தது சனிக்கிழமை, பெயர் கண்டது திங்கட்கிழமை என்று இரண்டு தேதியும். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. ஊருக்கு பஸ் இருந்தது. செவ்வாய்க்கிழமை, பலகையைச் சரிசெய்தால் உப்பு வராதே என்று யோசித்தேன். புதன்கிழமை, மனு கொடுத்தால் எப்படியும் இழுத்தடிப்பார்கள், அத்தைக்கு நிலமே கிடைக்காமல் போகலாம் என்று அவளுக்காகக் கவலைப்பட்டேன். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். எல்லாம் நொண்டிச் சாக்கு. வரப்பில் நின்ற அத்தனை பேரிடமும் போய், நான் பார்க்காமலே சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாலுகா ஆபீஸ் மூடும் நேரம் தாண்டியதும் எனக்குள் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. இனிமேல் சொல்லிப் பிரயோஜனமில்லை என்கிற நிம்மதி. நான் வெட்கப்படுகிறவற்றில் முதலாவது அதுதான். தப்பாகச் சொன்னது அதற்கு அடுத்துத்தான்.

ஆடி மாதம் பட்டா வழங்கும் விழா. பந்தல், ஒலிபெருக்கி, கறுப்பு சிவப்புக் கொடி, மந்திரி. அத்தை கைநாட்டு வைத்துப் பட்டாவை வாங்கி நேரே என்னிடம் கொண்டுவந்தாள். வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். "எம் மருமவன் பாத்துச் சொன்ன நெலம்" என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, உப்பு கழுவிக்கொண்டு போயிற்று. சம்பா விளைந்தது. அத்தை புது அரிசியில் பொங்கி எனக்கு இலை போட்டாள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். விஷயம் முடிந்தது என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் வரத் தாமதம், மழையும் ஏமாற்றியது. உளுத்த மதகுப் பலகை வழியாகக் கடல் வாய்க்காலுக்குள் நடந்து வந்தது. நட்ட பயிர் நுனி சிவந்து, அப்புறம் பழுத்து, ஐப்பசியில் கருகிவிட்டது. நான் அதே கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது வயலில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. பதினொரு குடும்பமும் மண்வெட்டியோடு வாய்க்காலை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏஜென்டு நல்ல மனுசன்யா. நெலத்தோட உப்பையும் சேத்துக் குடுத்துருக்காரு!"

"ஆமா, சோத்துக்கு உப்புப் போட வேணாம். சோறுதான் வேணும்."

"காலேஜு மாப்புள்ள வராரு, கேளுங்கடா. இந்தத் தடவ என்ன பாசின்னு சொல்லுவாரு!"

அத்தை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அவன ஏண்டா வம்புக்கு இழுக்குறீங்க? அவன் பாத்தப்ப நல்ல தண்ணிதான். தண்ணி மாறிப்போச்சுன்னா அவன் என்ன பண்ணுவான்?"

நான் ஒரு மண்வெட்டியை வாங்கி வெட்ட ஆரம்பித்தேன். பேசாமலிருக்க அது வசதியாக இருந்தது.

சாயங்காலம் சித்தப்பா ஆபீசிலிருந்து வந்தார். வேறு நிலம் கேட்டு மனு கொடுக்கப் போயிருந்தார். "நல்ல நெலமின்னு ஒத்துக்கிட்டுத்தானே வாங்குனீங்க, உப்பு இப்பத்தானே ஏறுதுங்குறாங்க. குடுக்குறதுக்கு முன்னாடியே ஏறுச்சுன்னு தேதி போட்ட ரெக்கார்டு ஒண்ணு இருந்தா காட்டுங்கங்குறாங்க. நம்மகிட்ட ஏது ரெக்கார்டு?"

தாவரவியல் துறை பீரோவில், மூன்றாவது தட்டில், பச்சைக் கயிறு கட்டிய கட்டுக்குள் ஏழாவது தாள். அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அதைக் காட்டினால் நிலத்தில் உப்பு இருந்தது நிரூபணமாகும். எனக்குத் தெரிந்திருந்ததும் நிரூபணமாகும்.

அப்போதும் உடனே சொல்லவில்லை. காலேஜுக்குத் திரும்பி எட்டு நாள் அந்த பீரோவைத் தாண்டித் தாண்டி வகுப்புக்குப் போனேன். ஒன்பதாம் நாள் பேராசிரியரிடம் கேட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுத் தாளை எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பாவின் மனுமேல் கார்த்திகையில் விசாரணை. ரெக்கார்டு ஒன்று கொண்டுவருகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதிகாரியின் மேஜைக்கு இந்தப் பக்கம் சித்தப்பா, அத்தை, நான். அந்தப் பக்கம் ஏஜென்ட். தாளை மேஜைமேல் வைத்தேன். அதிகாரி சீட்டை வாசித்துவிட்டு, "இத இவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டு தேதியையும் சொன்னேன். சித்தப்பாவுக்கு முதலில் சந்தோஷம். முகம் மலர்ந்து, உடனே சுருங்கிற்று.

ஏஜென்ட் சிரித்தார். "இந்தத் தம்பிதானுங்க அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நல்ல தண்ணிப் பாசின்னு சொன்னாரு."

"அப்படியா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. வெட்டிப் பாக்காம சொன்னேன். திங்கக்கெழமையே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. மனுவுக்கு வெள்ளிக்கெழம வரைக்கும் டயம் இருந்துச்சு. வந்து சொல்லல."

அத்தை என்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலை நீட்டி, காய்ந்த பாசியை நகத்தால் மெல்ல வருடினாள். வேட்டித் துணியின் இழைத் தடம் அதன்மேல் இலேசாகப் பதிந்திருந்தது. அதிகாரி தாளின் மூலையில் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தார். முதலில் மதகுப் பலகையை மாற்றச் சொல்லி எழுதுவதாகவும், மாற்று நிலம் பற்றிப் பிறகு உத்தரவு வரும் என்றும் சொன்னார். பலகை மாறிவிட்டது. உத்தரவு, இதை எழுதுகிற இன்று வரை, வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா என்னைத் தாண்டி டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அத்தையும் நானும் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் தாளுக்கு மார்க்கு போட்டாங்களா?" என்றாள்.

"போட்டாங்க அத்த."

"எவ்ளோ?"

"இருவதுக்குப் பத்தொம்பது."

"ஒண்ணு ஏன் கொறைச்சாங்க?"

"உள்ளூர்ல இதுக்கு என்ன பேருன்னு ஒரு வரி எழுதணும். நான் எழுதல."

"யாரையும் கேக்கலியா?"

"கேக்கல."

எங்கள் பஸ் வந்து நின்றது. அத்தை எழுந்து புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"உப்பாத்துப் பாசி" என்றாள். "தெருவுல சின்னப் புள்ளையளக் கேட்டாலும் சொல்லும்."

முன்வாசலில் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்வாசலில் ஏறினேன். சட்டைப்பையில் பேனா இருந்தது. தாள் ஆபீஸ் ஃபைலுக்குள் போய்விட்டது, அந்த வரி காலியாகவே.